தமிழ் யூனிகோட் அட்டவணையில் ஏன் இத்தனை காலிக் கட்டங்கள்?

மன்னை டிடிபி:
மன்னார்குடியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு விவசாயச் சங்கத்துக்கு ஊர்வாரியாக உறுப்பினர் பட்டியல் போட வேண்டியிருந்தது. பைத்தானில் சின்னதாக நிரல் எழுதி அகரவரிசைப்படுத்தினால் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வருகிறது, வல்லத்துக்கு முன்னால் வலங்கைமான். எங்கள் ஊர் முந்துவதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விடமாட்டார். சரி என்று, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையைத் திறந்தால் க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று கட்டம் காலி, த-வுக்கும் ந-வுக்கும் நடுவிலும் அப்படியே, ன என்னடாவென்றால் ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. யார் சார் இப்படிப் போட்டது? காலிக் கட்டங்களை நாம் எதற்காவது பயன்படுத்தலாமா?

குடந்தை நிரலர்:
தமிழை மனதில் வைத்துப் போட்டதில்லை, அதுதான் விஷயம். இஸ்கி என்ற இந்தியத் தரம் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அடுக்கை வைத்தது, அதன் 1988 வடிவத்தை ஒட்டித்தான் யூனிகோடும் 1991இல் இடம் ஒதுக்கியது. இந்தி எழுதும் தேவநாகரியில் க-வின் எண் 2325, அதோடு 640 கூட்டினால் 2965, அது நம் க. அடுத்த எண்ணில் இந்திக்காரர்களுக்கு மூச்சுவிட்டுச் சொல்லும் 'க' இருக்கிறது, நமக்கு அப்படி ஓர் எழுத்தே கிடையாது. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டாயிற்று, ஆள் வராத இலைகள்தான் நீங்கள் பார்க்கும் கட்டங்கள்.
ன, ற, ழ மூன்றையும் தேவநாகரியில் ந, ர, ள-வுக்குக் கீழே புள்ளி வைத்து எழுதுவார்கள், அதனால் அந்தந்த எழுத்தின் பக்கத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை எண் கொடுத்தால் பிறகு நகர்த்தக் கூடாது என்பது யூனிகோடின் விதி, ஆகவே இனி மாறாது. உங்கள் நிரல் வெறும் எண்ணை வைத்து அடுக்குகிறது. ஐசியு (ICU) என்று அந்தந்த மொழியின் அகரவரிசை தெரிந்த நிரல் நூலகம் இருக்கிறது, அதைப் போட்டு, மொழி தமிழ் என்று சொல்லி அடுக்கச் சொல்லுங்கள், புள்ளி வைத்த மெய்யெழுத்தும் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

நன்னிலத்துக்காரன்:
காலிக் கட்டத்தில் நாமாக எதையும் வைக்கக் கூடாது அண்ணே, அடுத்தவர் கணினியில் வெறும் பெட்டிதான் தெரியும். சில கட்டங்கள் நிரம்பவும் செய்தன: ஶ, தமிழ்ச் சுழியம் இரண்டும் 2005இல்தான் வந்தன. பழைய முறையில் ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி இருந்ததால் சுழியம் இல்லாமலே காரியம் நடந்திருக்கிறது.
எங்கள் பக்கத்துப் பழைய நிலப் பத்திரங்களில் குழி, வேலி என்பதற்கெல்லாம் ஒரே இழுப்பில் ஒரு குறி போட்டிருப்பார்கள் (நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி). அந்தக் குறிகள், நஞ்சை புஞ்சைக் குறிகள், 1/320 ஆகிய முந்திரி எல்லாம் 2019இல் 73,664ஆம் எண்ணில் தொடங்கும் தனித் தொகுதியில் போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே இருக்கும் தொகுதியிலிருந்து எவ்வளவு தூரம் பாருங்கள்! அவற்றைக் காட்டும் எழுத்துரு கிடைப்பதுதான் இன்னும் கஷ்டம்.

மன்னை டிடிபி:
அப்படியானால் இதையும் சொல்லிவிடுங்கள். ஸ்ரீவாஞ்சியம் என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைக்கிறார்கள், மீதிப் பேரும் திரையில் அதே எழுத்தில்தான் தெரிகிறார்கள்.

குடந்தை நிரலர்:
அந்த 2005 ஶ-வின் வேலை. ஸ் சேர்த்தும் ஸ்ரீ வரும், ஶ் சேர்த்தும் வரும், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டும். நார்மலைஸ் செய்தாலும் (ஒரே எழுத்தைப் பல விதமாக உள்ளிட்டிருந்தால் ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறை) இரண்டும் ஒன்றாகாது. தேடுவதற்கு முன் ஶ்ரீ எல்லாவற்றையும் ஸ்ரீ என்று மாற்றிவிடுங்கள்.