கடத்தல் திறனா, கடவா: கொசுவுக்கும் உண்ணிக்கும் ஒரு சொல் தேடி

ஆரியங்காவிலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

செவிலியர் மாணவர்களுக்கான கையேடு ஒன்றில், நோய் பரப்பும் பூச்சிகளின் மரபியல் பற்றிய இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் வெக்டர் காம்பிடன்ஸ், வெக்டோரியல் கபாசிட்டி என்று இரண்டு சொற்கள் (வெக்டர் என்றால் நோய்ப்பரப்பி) வந்து மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ‘திறன்’ என்றே இருக்கிறது. போன வாரம் இங்கே ஒருவர் முதல் சொல்லுக்குக் ‘கடத்தல் திறன்’ என்று எழுதியிருந்தார். கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன் நான். இந்த ஊரில் கடத்தல் திறன் என்றால் ரேஷன் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும், கொசு வராது. பக்கத்து வீட்டு மலையாள ஆசிரியரைக் கேட்டேன். திறமைக்கு அவர்கள் மொழியில் ‘கழிவு’ என்ற சொல் உண்டு என்றார். நம் காதுக்கு அது சாக்கடைப் பக்கம் போய்விடுகிறது.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். கொசு நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கிறது. கிருமி அதன் வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே வந்து, உடற்குழியில் அலைந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்தால்தான் அடுத்த கடியில் இன்னொருவருக்குப் போகும். இடையில் எந்தச் சாவடியில் தடுக்கப்பட்டாலும் அந்தக் கொசு வெறுமே அரிப்பைத் தந்துவிட்டுப் போகிற கொசுதான். இப்படிக் கடக்கவிடுவதும் விடாததும் பெரும்பாலும் பூச்சியின் மரபணுவில் இருக்கிறது. முதல் சொல் குறிப்பது இதைத்தான்.

இது வெறும் ஊகம் இல்லை. 1962இல் டபிள்யூ. டபிள்யூ. மெக்டொனால்டு என்பவர், ஏடிஸ் எஜிப்டி கொசுவில் யானைக்கால் புழுவான புருகியா மலாயி வளருமா வளராதா என்பதை ஒரே ஒரு மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அது பாலினத்தோடு பிணைந்த ஒடுங்கு மரபணு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது. 1986இல் மலேரியா ஒட்டுண்ணியைக் கருமையாக்கி மூடிக் கொன்றுவிடும் அனாபிலஸ் காம்பியே கொசுக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஒரு கால்வழியையே உருவாக்கிவிட்டார்கள்.

நம் ஊர் எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது. கிராமத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்பது ஒரே இனம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். குரோமோசோம்களைப் பார்த்தபோது ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து உடன்பிறப்பு இனங்கள் வெளிப்பட்டன. கண்ணால் பார்த்தால் ஐந்தும் ஒன்றே. ஆனால் பி மலேரியாவை மிக அரிதாகவே பரப்புகிறது. ஈ இனமோ இராமேசுவரம் தீவில் தேர்ந்த பரப்பி. பி, ஈ இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆண் கொசுவின் ஒய் குரோமோசோம் வடிவம். ஒரே முகம் கொண்ட அண்ணன் தம்பிகளில் ஒருவனை மட்டும் ஊர் நம்புவதைப் போல!

இரண்டாவது சொல் வேறு கணக்கு. 1964இல் காரெட்-ஜோன்ஸ் அதற்கு வடிவம் தந்தார். அதற்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் மெக்டொனால்டும் மேலே சொன்ன மெக்டொனால்டும் வேறு வேறு ஆள்கள், நான் ஒருநாள் முழுவதும் குழம்பினேன். ஓர் ஆளுக்கு எத்தனை கொசு, நாளுக்கு எத்தனை கடி, கிருமி முதிரும்வரை கொசு பிழைத்திருக்குமா என்பவற்றைப் பெருக்கிப் பார்ப்பது அது. கிருமியை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி என்பதால் கடிக்கும் பழக்கத்தை இருமுறை பெருக்க வேண்டும். இந்த எண் மழையோடு ஏறும், கொசுவலையோடு இறங்கும்.

ஆகவே முதலாவதற்குக் ‘கடப்பியல்பு’, இரண்டாவதற்குப் ‘பரப்புவலு’ என்று முன்வைக்கிறேன். ‘தகவு’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். சில அறிவியல் நூல்கள் அதை விகிதத்துக்குக் கொடுத்துவிட்டன.

புதுச்சேரியிலிருந்து

ஐயா, பரப்புவலு பிழையில்லை. கடப்பியல்பு என்றதும் எனக்குக் கடப்பைக் கல்தான் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும். அதைவிடப் பெரிய குறை ‘இயல்பு’. அது முழுவதையும் கொசுவின் தலையில் கட்டிவிடுகிறது. 2007இல் உங்கள் கேரளத்தில் என்ன நடந்தது? புலிக்கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், அங்கே எப்போதும் இருந்ததுதான். மாறியது சிக்குன்குனியா வைரஸ். அதன் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலம் போய் வாலின் என்னும் இன்னொன்று வந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புலிக்கொசுவுக்குள் அது எளிதாகப் பெருகத் தொடங்கியது. கொசுவின் இயல்பு மாறாமலே விளைவு மாறிவிட்டது. எனவே சொல் கொசு, கிருமி இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். வெறும் ‘கடவு’ போதாதா? கடவுச்சீட்டு, கடவுச்சொல் எல்லாம் புழக்கத்தில் உள்ளவைதானே.

ஆரியங்காவிலிருந்து

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஆண்டு எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று, விரல் மூட்டு ஆறு மாதம் மடங்கவில்லை. ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் பால் எடுப்பதை நிறுத்துவார்கள். மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால் ஒவ்வொன்றும் புலிக்கொசுவுக்குத் தொட்டில். சிரட்டைகள் பரப்புவலுவை ஏற்றின, வைரஸ் கடவைத் திறந்துகொண்டது. இரண்டு சொற்களும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன, எனக்குத்தான் அன்று தெரியவில்லை.

‘இயல்பு’ போகட்டும். ‘நோய்க்கடவு’ என்று வைத்துக்கொள்கிறேன். எதன் கடவு, எதற்குள் கடவு என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடும்: “புலிக்கொசுவில் சிக்குன்குனியாவின் நோய்க்கடவு கூடியது.” கலைச்சொல் தனியாக நின்று அழகு காட்டினால் போதாது, சொல் குடும்பம் பெருக வேண்டும். கருமையாக்கிக் கொல்லும் அந்தக் கால்வழியை ‘நோய்கடவாக் கால்வழி’ எனலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நமக்கு இனாமாக வந்து உதவுகிறது. ‘திறன்’ என்று தொடங்கியிருந்தால் ‘திறனற்ற கொசு’ என்று எழுத வேண்டி வந்திருக்கும். படிக்கிறவர் கொசுவுக்காக இரக்கப்படுவார்.

உண்ணிக்கு இது பொருந்துமா என்று சோதித்தேன். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறிந்து, பின்னர் வயநாட்டிலும் வந்த குரங்குக் காய்ச்சலை ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி பரப்புகிறது. உண்ணி குஞ்சாக இருக்கும்போது வாங்கிய வைரஸ், உண்ணி தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போன பின்னும் அதற்குள் உயிரோடு இருந்தால்தான் மனிதரைக் கடிக்கும்போது இறங்கும். அங்கே வயிற்றுச் சுவரோடு தோலுரிப்பும் ஒரு கடவு. சொல் பொருந்துகிறது. ஒரு பக்கக்குறிப்பு: ஸ்கரப் டைஃபஸை நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. அதைப் பரப்புவது உண்ணி அன்று, மைட் என்னும் சிற்றுயிரின் இளரி (லார்வா). இக்கரையில், கேரளத்தில், அதையே செள்ளுப்பனி என்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, எதிர்வீட்டில் ரப்பர் பால் வெட்டும் அக்காவிடம் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். நோய்க்கடவு என்ற இடத்தில் நிறுத்தினார்.

“கடவு என்றால் ஆற்றைக் கடக்கிற துறைதானே. கொசுவுக்குள் ஆறு எங்கே இருக்கிறது?”

“வயிற்றுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நடுவில்,” என்றேன்.

“அப்படியானால் சரி,” என்று சிரட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.