ஏழு சீட் எஸ்யூவில நெஜமாவே ஏழு பேர் உக்கார முடியுமா? ரெண்டாவது குழந்தை வரப்போகுது, குழப்பமா இருக்கு

பொம்மைக்கார்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆள் நான், இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன். வீட்ல நான், என் மனைவி, நாலு வயசு பொண்ணு, அப்பா, அம்மா. இன்னும் அஞ்சு மாசத்துல ஒரு ஆள் கூடப்போறாங்க. இப்ப இருக்கறது எட்டு வருஷம் ஓடின சின்ன ஹேட்ச்பேக், அதுல பொண்ணோட சைல்டு சீட்டை மாட்டினாலே பின்னாடி ஒருத்தர் ஒருக்களிச்சுத்தான் உக்காரணும், டிக்கியில ஸ்ட்ரோலர் வச்சா பை வைக்க இடம் கெடையாது.

அதனால பெரிய எஸ்யூவி வாங்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. மூணு வாரமா வீடியோ பாத்து பாத்து கண்ணு பூத்துப்போச்சு, எல்லாரும் டச் ஸ்க்ரீன் எத்தனை இன்ச், சன்ரூஃப் எவ்ளோ பெரிசுன்னுதான் பேசறாங்களே தவிர ஆறு பேர் எப்படி ஏறி எறங்குவாங்கன்னு ஒருத்தரும் காட்டல. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம், ரொம்ப குனியவோ மடக்கவோ முடியாது. தினசரி ஓட்டம் ஸ்கூல், ஆபீஸ், எல்லாம் சேத்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும், மாசத்துல ஒரு தடவ ஆறு பேரும் சேந்து முன்னூறு கிலோமீட்டர் போவோம். கேள்வி என்னன்னா, ரெண்டாவது வரிசை கேப்டன் சீட்டா (தனித்தனியா ரெண்டு சீட்டு) பெஞ்சா (ஒரே நீள சீட்டு)? டீசலா ஹைப்ரிடா (எஞ்சினோட பேட்டரி மோட்டாரும் சேந்தது)? இல்ல ஏழு சீட்டுங்கறதே எனக்கு வேண்டாத வேலையா?

கிளட்ச் கந்தல்:

ப்ரோ முதல்ல மாடல் பேரையெல்லாம் மூட்டை கட்டி ஓரமா வைங்க. ஒரு பேப்பர் எடுத்து மூணு வரிசை கட்டம் போட்டு யார் எங்க உக்காருவாங்கன்னு பேர் எழுதுங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

நான் உங்களுக்காக எழுதிப் பாத்தேன். ஓட்டறது நீங்க, பக்கத்துல அப்பா, முட்டிக்கு அதான் ஒரே நல்ல எடம். கைக்குழந்தை பின்னோக்கி உக்கார்ற சீட்ல ரெண்டாவது வரிசையில, அதுக்குப் பக்கத்துல அம்மா, அதாவது உங்க மனைவி, இருந்தே ஆகணும். இப்ப மிச்சம் உங்க அம்மாவும் பொண்ணும். பெஞ்ச் சீட்டுன்னா பொண்ணு ரெண்டாவது வரிசையிலயே அந்தப்பக்கம், மனைவி நடுவுல ரெண்டு சைல்டு சீட்டுக்கும் இடையில மாட்டிக்கிட்டு, பாட்டி மட்டும் மூணாவது வரிசையில தனியா. கேப்டன் சீட்டுன்னா பொண்ணும் பாட்டியும் பின்னாடி, கைக்குழந்தையும் அம்மாவும் நடுவுல.

இதுல யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. மூணாவது வரிசைக்குப் போக ரெண்டாவது சீட்டைக் கவுத்து மடக்கணும்ல, அந்த சீட்ல சைல்டு சீட் மாட்டியிருந்தா பல வண்டியில அது மடங்காது, மடங்கினாலும் சைல்டு சீட்டைக் கழட்டிட்டுத்தான். பெஞ்ச்ல ரெண்டு பக்கமும் சைல்டு சீட் போட்டீங்கன்னா பாட்டி டிக்கி வழியாத்தான் ஏறணும். கேப்டன் சீட்டுன்னா நடுவுல ஒரு சந்து இருக்கும், பொண்ணு அது வழியா ஓடிடுவா. பாட்டிக்கு அந்த சந்து பத்துமாங்கறது வண்டிக்கு வண்டி மாறும், கூட்டிட்டுப் போய்த்தான் பாக்கணும்.

மூணுபிள்ளைக்காரி:

மேல சொன்னவர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க வீட்ல மூணு. ஏழு வயசு, நாலு வயசு, ஒண்ணரை வயசு. மூணு சைல்டு சீட்டை ஒரே பெஞ்ச்ல வரிசையா போட்டு அஞ்சு சீட் வண்டியிலயே ஓட்டிடலாம்னு நெனச்சு வாங்கினோம், முதல் நாளே மூக்கு உடைஞ்சுது. ஐ சைஸ்னு சைல்டு சீட்டுக்கு ஒரு அளவு விதி இருக்கு, அந்தக் கணக்குப்படி ஒரு சீட்டுக்கு 44 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்கறாங்க, மூணு போட்டா 132, பெஞ்ச் அதைவிடக் கொஞ்சம் அகலந்தானே, பத்திடும்னு நெனச்சோம், ஆனா சீட் உள்ள போச்சே தவிர பெல்ட் பக்கிள் ரெண்டு சீட்டுக்கு நடுவுல புதைஞ்சு போச்சு. தினம் காலைல ஸ்கூலுக்கு லேட்டு, பெரியவன் கத்தறான், நான் ரெண்டு விரலை உள்ள விட்டு பக்கிளைத் தேடறேன், நகமே பேந்துபோச்சு.

அதனால தங்கச்சி மாதிரி சொல்றேன், ஷோரூம் போறப்ப உங்க பொண்ணோட சைல்டு சீட்டைக் கையோட தூக்கிட்டுப் போங்க, அவங்க மூஞ்சி சுளிச்சாலும் பரவால்ல. பின்னோக்கி சீட் ஒண்ணும் கடன் வாங்கிட்டுப் போங்க, ஏன்னா பிறந்த குழந்தைக்கு அதான் வேணும். அந்த ஐ சைஸ் வர்ற யுஎன் ஆர்129ங்கற சைல்டு சீட் விதில குறைஞ்சது பதினஞ்சு மாசம் வரைக்கும் பின்னோக்கித்தான் உக்காரணும்னு இருக்கு, நெறய பேர் அதுக்கு மேலயும் அப்படியே வச்சுக்கறாங்க. பின்னோக்கி சீட் நெறய எடம் முழுங்கும், அதை மாட்டினதும் முன் சீட்டை முன்னாடி தள்ள வேண்டி வரும். உங்க அப்பா முன்னாடி உக்காரப்போறார்னா அவருக்கு நேர் பின்னாடி பின்னோக்கி சீட் போடாதீங்க, முட்டி டேஷ்போர்டுல இடிக்கும். ஓட்டற சீட்டுக்குப் பின்னாடி போட்டா நீங்க நெட்டையா குட்டையாங்கறதைப் பொறுத்தது. உங்க உயரத்தைச் சொல்லலையே?

அப்புறம் முன்னாடி பாசஞ்சர் சீட்ல பின்னோக்கி சீட் போடற ஐடியா வந்தா அதை அப்படியே தூக்கிப் போட்டுடுங்க, அங்க ஏர்பேக் ஆன்ல இருந்தா குழந்தைக்கு ஆபத்து.

ஸ்டெப்னி:

எல்லாரும் ஏழு சீட் ஏழு சீட்டுன்னு பேசறீங்க, நான் எதிர்க்கட்சி. ஆறு பேரும் சேந்து போறது மாசம் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் காலி மூணாவது வரிசையை சுமந்துக்கிட்டு, பார்க்கிங்ல முட்டிக்கிட்டு, பெட்ரோலை ஊத்திக்கிட்டு அலையணுமா? அஞ்சு சீட் நல்ல வண்டியா வாங்கிட்டு அந்த ஒரு நாளைக்கு மட்டும் வாடகை வண்டி எடுங்க. கணக்கு போட்டுப் பாத்தா அதான் லாபம்.

மூணுபிள்ளைக்காரி:

@ஸ்டெப்னி அண்ணா, தாத்தா பாட்டியோட ஒரே வீட்ல இருக்கறவங்களுக்கு மாசம் ஒரு நாள்னு பிளான்லதான் இருக்கும். ஆஸ்பத்திரி, கல்யாணம், யாரையாவது கூட்டிட்டு வர்றது, எல்லாம் சேந்தா வாரம் ஒண்ணு ஆகிடும். கைக்குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டியில சைல்டு சீட்டைக் கழட்டி மாட்டற கொடுமையை செஞ்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

லிட்டர்கணக்கு:

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, நான் நம்பர் பேசறேன். எஸ்யூவில ஏழு சீட்டுங்கறது ரெண்டு ஜாதி. அஞ்சு சீட் வண்டியை இழுத்து டிக்கியில ரெண்டு சீட் சொருகினது ஒண்ணு, பிறக்கும்போதே மூணு வரிசையா பொறந்தது இன்னொண்ணு. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், அதைப் பாத்தா சொல்லிடலாம். ஸ்கோடா கோடியாக் 2791 மில்லிமீட்டர், டொயோட்டா ஹைலேண்டர் 2850. அந்த ஹைலேண்டர்லயே மூணாவது வரிசை பெரியவங்களுக்குப் பத்தலைன்னு பேச்சு வந்ததாலதான் டொயோட்டா 2023ல கிராண்ட் ஹைலேண்டர்னு தனியா 2950 வீல்பேஸ்ல கொண்டாந்தாங்கன்னு நான் சொல்லுவேன். கியா ஈவி9 எலக்ட்ரிக்ல 3100. எலக்ட்ரிக்ல முன்னாடி எஞ்சினுக்கு எடம் விட வேணாம், தரையும் சமமா இருக்கும், அந்த சௌகரியம் வேற.

ஆனா வீல்பேஸ் மட்டும் பாத்து ஏமாறாதீங்க. லேடர் ஃப்ரேம் வண்டி, அதாவது லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல பாடி வச்சது, அதுல தரை ஒசரமா இருக்கும். மூணாவது வரிசையில உக்காந்தா முட்டி மோவாய்க்கு வந்துடும், தொடை சீட்ல படவே படாது. பத்து நிமிஷத்துல ஒண்ணும் தெரியாது, ரெண்டு மணி நேரத்துல இடுப்பு சொல்லும். மோனோகாக், அதாவது பாடியும் சேஸிஸும் ஒண்ணாவே இருக்கற வண்டி, அதுல தரையைக் கீழ எறக்கலாம், ஏறி எறங்கறதும் சுலபம். உங்க அப்பாவுக்கு அது ரொம்ப முக்கியம். சீட் மட்டம் அவர் இடுப்புக்கு நேரா வர்ற மாதிரி இருந்தா அப்படியே நகந்து உக்காந்துடலாம், ரொம்ப ஒசரம்னா ஏறணும், தாழ்வுன்னா எழுந்திருக்கறப்ப முட்டி அழும்.

டிக்கி லிட்டர் கணக்கு இன்னொரு கூத்து. ஐரோப்பாவுல விடிஏன்னு ஒரு முறை, ஒரு லிட்டர் கட்டை, 200க்கு 100க்கு 50 மில்லிமீட்டர், அதை அடுக்கி எண்ணுவாங்க. பழைய கோடியாக்ல ஏழு சீட்டும் நிமித்தி வச்சா 270 லிட்டர்தான். ஹைலேண்டருக்கு அமெரிக்காவுல 16 கன அடின்னு போடறாங்க, அது 453 லிட்டர் ஆகுது, ஆஹா ரெண்டு மடங்கு பக்கம்னு நெனச்சிடாதீங்க, அளக்கற முறையே வேற. சில பேர் ஜன்னல் மட்டம் வரைக்கும் அளப்பாங்க, சில பேர் கூரை வரைக்கும். ஸ்ட்ரோலரை எடுத்துட்டுப் போய் மூணாவது வரிசையை நிமித்தி வச்சு, கதவு மூடுதான்னு பாருங்க, லிட்டர் புராணமே வேணாம்.

கிளட்ச் கந்தல்:

@லிட்டர்கணக்கு சொன்னதோட எடையையும் சேத்துக்கோங்க ப்ரோ. வண்டியோட அதிகபட்ச எடையில இருந்து காலி எடையைக் கழிச்சா எவ்ளோ ஏத்தலாம்னு வரும். நாலு பெரியவங்க 70 வச்சா 280, பொண்ணு 17, குழந்தை 8, ரெண்டு சைல்டு சீட் 22ன்னு வைங்க, 327 ஆச்சு, அதுக்கு மேல பை மூட்டை 80 கிலோ. 400ஐத் தாண்டியாச்சு. சில கம்பெனி காலி எடையிலயே ட்ரைவருக்கு 75 கிலோ சேத்திருப்பாங்க, சில பேர் சேக்க மாட்டாங்க, அதைப் பாத்துக் கழிங்க. மேல ரூஃப் பாக்ஸ் போட்டுக்கலாம்னு சொல்றவங்க கூரை தாங்கறது பல வண்டியில 75ல இருந்து 100 கிலோன்னு மறந்துடறாங்க, அதுல பாக்ஸோட எடையும் கம்பியோட எடையும் அடக்கம். முழுசா ஏத்தினா டயர் காத்தும் கூட்டணும், ட்ரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல பல வண்டிக்கு ரெண்டு அளவு போட்டிருக்கும், ஒண்ணு சாதாரணத்துக்கு, ஒண்ணு ஃபுல் லோடுக்கு.

பழைய டீசல்:

தம்பி, நான் இருபது வருஷமா டீசல்தான் ஓட்டறேன், டீசலைத் தப்பா பேச எனக்கே மனசு வராது. ஆனா உங்க ஓட்டத்துக்கு வேண்டாம். இப்ப வர்ற டீசல்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர், புகையில வர்ற கரியைப் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் அது சூடாகி அந்தக் கரி எரியணும். அதுக்கு நெடுஞ்சாலையில ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடணும். தினம் ஆறு கிலோமீட்டர் ஸ்கூல், எஞ்சின் சூடாறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவீங்க, கரி சேந்து சேந்து ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா ஃபில்டருக்காகவே சும்மா நாப்பது கிலோமீட்டர் போய்ட்டு வருவார், நாய்க்குட்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போற மாதிரி.

நிறுத்தி நிறுத்திப் போற ஓட்டத்துக்கு ஹைப்ரிட்தான் சரி, பிரேக் போடறப்பல்லாம் பேட்டரி ஏறும்.

லிட்டர்கணக்கு:

பாதுகாப்புல ஒண்ணே ஒண்ணு. கர்டன் ஏர்பேக், அதாவது பக்கவாட்டு ஜன்னலை மறைச்சு விரியற ஏர்பேக், மூணாவது வரிசை வரைக்கும் வருதான்னு கேளுங்க. ஆறு ஏர்பேக்னு பெருமையா எழுதியிருப்பாங்க, ரெண்டாவது வரிசையோட நின்னுடும். பின்னாடி உக்காரப்போறது உங்க அம்மாவும் பொண்ணும். அங்க ரெண்டு சீட்டுக்கும் ஹெட்ரெஸ்ட் முழு ஒசரத்துக்கு வருதா, ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாம சைல்டு சீட்டை நேரா வண்டியோட மாட்டறது) இருக்கா, அதையும் குனிஞ்சு கையை விட்டுத் தொட்டுப் பாருங்க, நெறய வண்டியில மூணாவது வரிசையில ஐசோஃபிக்ஸ் கெடையாது. இல்லேன்னா பெல்ட்ல மாட்டற சைல்டு சீட் வச்சுக்கலாம், தப்பில்ல. இன்னொண்ணு, ஐ சைஸ்ல குழந்தையும் சீட்டும் சேந்து 33 கிலோ வரைக்குந்தான் ஐசோஃபிக்ஸ் கணக்கு, பொண்ணு வளந்ததும் எப்படியும் பெல்ட்டுக்குத்தான் வருவா.

ஸ்டெப்னி:

சரி நான் வாபஸ் வாங்கிக்கறேன், ஆனா எஸ்யூவிதான் வேணுமான்னு கடைசியா ஒரு கேள்வி. இவ்ளோ பேர் ஏறி எறங்கணும்னா ஸ்லைடிங் கதவு வச்ச வேன் மாதிரி வண்டி பாக்கலாமே. கியா கார்னிவல் மாதிரி, வீல்பேஸ் 3090. பக்கத்து வண்டியை இடிக்காம கதவு தொறக்கும், கைக்குழந்தையைத் தூக்கி வைக்க குனியவே வேணாம். பாக்க வேன் மாதிரி இருக்குன்னு எல்லாரும் ஒதுக்கறாங்க, உள்ள உக்காந்துட்டா வெளிய எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது.

பொம்மைக்கார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சனிக்கிழமை குடும்பத்தோட கெளம்பிட்டோம். என் உயரம் 182, அதனால என் சீட்டுக்குப் பின்னாடி பின்னோக்கி சீட் போட்டா நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுதான் ஓட்டணும், முதல் ரெண்டு வண்டி அங்கயே அவுட். நான் மூணு வாரமா உருகி உருகி வீடியோ பாத்த வண்டி அதுல ஒண்ணு, பயங்கர வருத்தம். அப்பா லேடர் ஃப்ரேம் வண்டி ஒண்ணுல கைப்பிடியைப் பிடிச்சு ஏறினார், எறங்கறப்ப ஒண்ணும் பேசல, மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டோம்.

மூணாவது வண்டி மோனோகாக், ஹைப்ரிட், கேப்டன் சீட், ரெண்டாவது வரிசை முன்ன பின்ன நகரும். பொண்ணு சந்து வழியா பின்னாடி போய் உக்காந்துட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா, அம்மா மடக்கின சீட் பக்கமா கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் போனாங்க, ஆனா போயிட்டு, ஏசி நல்லா வருதேன்னாங்க. ஸ்ட்ரோலர் நிமித்தி வச்சாத்தான் டிக்கி மூடுது, படுக்க வச்சா மூடல. ஸ்டெப்னி அண்ணா சொன்ன ஸ்லைடிங் கதவு வண்டியும் பாத்தோம், அம்மாவுக்கும் மனைவிக்கும் அதான் ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா எங்க வீட்டு பார்க்கிங் அஞ்சு மீட்டருக்கு ரெண்டு விரல் கம்மி, அதோட நீளம் 5155 மில்லிமீட்டர், ஷட்டர் மூடாது. மனைவி ஷட்டரை எடுத்துடலாம்னு சொல்றாங்க. அப்பா டேப்பை வச்சுக்கிட்டு இன்னொரு தடவ அளந்துக்கிட்டிருக்கார்.

மூணுபிள்ளைக்காரி:

வாங்கறதுக்கு முன்னாடி தூங்கற குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு ஒரே கையால கதவைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க உங்க மனைவியை. ஷட்டர் விஷயத்துல நான் அவங்க கட்சி.