வளவுக்குள் குதிரைகள், வேலி விழுந்து கிடக்கிறது, கெதியாக உதவி தேவை

விடியக்காத்து | காலை 5:12
அவசரம். விடிய எழும்பிப் பின்பக்கம் போனால் வளவுக்குள் நான்கு குதிரைகள். வேலி ஒரு பக்கம் முழுக்க விழுந்து கிடக்கிறது. தடியோடு இரண்டு தரம் கலைத்தேன், கிணற்றடியைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கின்றன. அம்மாவின் மிளகாய்க் கன்று பாதி போய்விட்டது. எப்படி வெளியே விடுவது? வேலியை இப்போதே கட்டட்டா? போனில் சார்ஜ் 20 வீதம்தான்.

பனங்கூடல் | 5:19
எந்த ஊர் என்று சொல்லுங்கோ முதலில். குதிரைகள் தானாகத் திரிகிற நெடுந்தீவு என்றால் ஒரு கதை, பட்டணப் பக்கம் கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிற குதிரை என்றால் வேறு கதை. கழுத்தில் கயிறு ஏதும் கிடக்கிறதா? வேலி கிடுகா, கம்பியா, கல்லா?

கதியால் | 5:22
வேலி விழுந்தது குதிரையால் இல்லை, சோளகக் காற்றால். இந்தக் காற்றுக்கு வெறும் கிடுகு வேலி ஒரு கிழமை தாங்காது. கிளுவையும் பூவரசும் நெருக்கி நட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பத்து வருடமாக இதைத்தான் இங்கே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

பனங்கூடல் | 5:23
அண்ணை, குதிரை இப்போது உள்ளே நிற்கிறது. கிளுவை முளைத்து வரும்வரைக்கும் நிற்குமா?

லாயத்தடி | 5:31
தம்பி, பதினொரு வருடம் நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளோடு இருந்தவன் சொல்கிறேன், கவனமாக வாசியும். குதிரையைத் தடியோடு கலைப்பவன் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். கூட்டத்தை அனேகமாக மூத்த பெட்டைக் குதிரைதான் நடத்தும், அது போகும் பக்கம் மற்றவையும் போகும். ஒரு வாளியில் தவிட்டைப் போட்டுக் குலுக்கிச் சத்தம் காட்டு, மூத்தது வரும், தோள் பக்கமாகப் போய்க் கயிற்றைப் போட்டு நடத்திக்கொண்டு போ. மற்றவை தானாக வரும். இதெல்லாம் அடிப்படை.

கடல்கரைக் காகம் | 5:38
நெடுந்தீவாக இருந்தால் வாளியைக் கண்டதும் அவை இன்னும் தள்ளித்தான் ஓடும். தென்பக்க வெளியில் தலைமுறை தலைமுறையாகத் தானாகத் திரிகிற கட்டைக் குதிரைக்கு வாளி என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தது? கயிறு போடப் போனால் உதைதான் கிடைக்கும். நேரே பின்னால் நிற்பவரை அதற்குத் தெரியாது, தெரியாததைத்தான் உதைக்கும். பின்பக்கம் போகவே வேண்டாம்.

விடியக்காத்து | 5:41
நெடுந்தீவுதான், நான் சொல்லவில்லையா? கல்வேலி, மேலே இரண்டு வரி முட்கம்பி. கயிறு ஒன்றும் இல்லை. அப்பா நேற்றே குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் போய்விட்டார், படகு வரும்வரை நானும் அம்மாவும் தனிய. பிறகு, நான் தம்பி இல்லை.

கடல்கரைக் காகம் | 5:46
சரி தங்கச்சி, இப்போது விளங்குகிறது. முருகைக்கல்லைச் சும்மா அடுக்கின வேலி, சாந்து இல்லை, ஒன்று சரிந்தால் மளமளவென்று பத்தடி போகும். தடியைக் கீழே போடுங்கோ. நாய் இருந்தால் கட்டுங்கோ. படலையால் அனுப்பப் பார்க்க வேண்டாம், ஒடுக்கமான வாசலுக்குள் அவை போகாது. வேலி விழுந்த இடத்தில் கல்லை இரண்டு பக்கமும் தள்ளி அகலமாக வழிவிடுங்கோ, தொங்குகிற முட்கம்பியைச் சுருட்டி அப்பால் எடுங்கோ. அப்புறம் எதிர்ப்பக்கத்து மூலையில் இருந்து மெல்ல மெல்ல நடந்து வாருங்கோ. ஓடவும் கூடாது, கத்தவும் கூடாது. கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?

மருந்துப்பெட்டி | 5:52
முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. வளவில் அலரி நிற்கிறதா? சிவப்போ மஞ்சளோ, கொஞ்ச இலை தின்றாலே குதிரையின் இதயத்தை அடித்துப்போடும். வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அதையும் உள்ளே எடுங்கோ. நிறையத் தின்றால் இரத்தம் கெட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூத்திரம் கறுத்துப் போகும், அதுவரை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அரிசி, தவிட்டு மூட்டை திறந்து கிடந்தால் அதுவும் ஆபத்து. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான்.

லாயத்தடி | 5:58
காட்டுக் குதிரை, வீட்டுக் குதிரை என்று ஒன்றும் இல்லை. இவையே போத்துக்கீசர் கொண்டுவந்து விட்ட வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுதான். இரத்தத்தில் பழக்கம் இருக்கும்.

பனங்கூடல் | 6:02
போத்துக்கீசரா? லாயத்துத் தூண்கள் இன்னும் நெடுந்தீவில் நிற்கின்றன, ஒல்லாந்தர் காலத்து வேலை என்றுதான் படித்திருக்கிறோம்.

லாயத்தடி | 6:05
ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததே 1658இல். அதற்கு முன்னால் நாற்பது வருடம் இங்கே இருந்தவர்கள் நடந்தா திரிந்தார்கள்?

கதியால் | 6:09
இரண்டு பேரும் வெள்ளைக்காரக் காலத்து நோலனை மறந்துவிட்டீர்கள். அந்த அயர்லாந்துக்காரர் தீவை நிர்வகித்து, குதிரையும் வளர்த்தார். கல்வேலிகூட அந்தக் காலத்தில்தான் நிறையக் கட்டியிருப்பார்கள் என்பது என்னுடைய எண்ணம். ஆனாலும் கிளுவை கிளுவைதான்.

பனங்கூடல் | 6:10
எண்ணத்தை எண்ணமாகவே வைத்திருங்கோ அண்ணை.

மருந்துப்பெட்டி | 6:12
பிள்ளை தனிய நிற்கிறாள், நீங்கள் மூன்று பேரும் மூன்று அரசாங்கம் நடத்துகிறீர்கள்.

விடியக்காத்து | 6:14
அலரி கோயில் பக்கம்தான், வளவுக்குள் இல்லை. தொட்டி இருக்கிறது, மாட்டுக்கு வைத்தது, நேற்றுப் பின்னேரம் நிரப்பினோம், இப்போது அடி தெரிகிறது. வழிவிட்டேன், மூன்று குதிரைகள் வேலி வரைக்கும் போகின்றன, ஒன்று மட்டும் போகாமல் திரும்ப வருகிறது, மற்றவையும் அதோடு திரும்புகின்றன. குட்டி ஒன்றும் நிற்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது.

கடல்கரைக் காகம் | 6:17
ஐயோ, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! குட்டி உள்ளே நின்றால் தாய் எங்கே போகும்? தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் போக வேண்டாம், கடிக்கவும் செய்யும். நீங்களும் அம்மாவும் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பேசாமல் இருங்கோ. அரை மணித்தியாலம். தாய் போய்க் குட்டியைக் கூட்டிக்கொள்ளும். பிறகு மற்றவை தானாகப் போகும்.

லாயத்தடி | 6:20
குட்டி இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பனங்கூடல் | 6:21
😀

கடல்கரைக் காகம் | 6:29
தங்கச்சி, அவை வேலியை உடைக்க வரவில்லை, தண்ணீருக்கு வந்தவை. இந்த மாதங்களில் வெளியில் குளமும் குட்டையும் வற்றிவிடும். வளர்ந்த குதிரை நாளுக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும், நான்கு நின்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கோ. நீங்கள் கல்லை எத்தனை தரம் அடுக்கினாலும் தொட்டி வளவுக்குள் இருந்தால் திரும்ப வரும். வெளியே, வேலியில் இருந்து தள்ளி, ஒரு தொட்டி வைத்துப் பாருங்கோ. வாளி வாளியாக ஊற்றுவது கஷ்டம்தான், ஆனால் வேலி அடுக்குவதைவிடக் குறைவு.

கதியால் | 6:33
அப்படித் தண்ணீர் வைத்தால் தீவில் இருக்கிற எல்லாக் குதிரையும் உங்கள் வீட்டு வாசலில்.

கடல்கரைக் காகம் | 6:36
இப்போது மட்டும் எங்கே நிற்கின்றன அண்ணை?

மருந்துப்பெட்டி | 6:40
முட்கம்பியைத் திரும்பக் கட்டுவதென்றால் பழைய சேலைத் துண்டைக் கிழித்து இடைக்கிடை முடிந்துவிடுங்கோ. இருட்டில் மெல்லிய கம்பி அவற்றுக்குத் தெரியாது, நெஞ்சைக் கிழித்துக்கொள்ளும். கல்லையும் கம்பியையும் அள்ளும்போது உங்கள் கை கீறியிருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று பாருங்கோ. குட்டி நொண்டினால் நீங்கள் பிடிக்கப் போக வேண்டாம். 2015இலிருந்து அந்தப் பக்கம் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும், கிராம சேவகர் மூலம் சொன்னாலும் சரி.

லாயத்தடி | 6:52
போத்துக்கீசர் விடயத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

பனங்கூடல் | 7:04
என்ன ஆச்சு தங்கச்சி? போச்சா?

கடல்கரைக் காகம் | 8:30
சார்ஜ் முடிந்திருக்கும்.

விடியக்காத்து | மாலை 4:47
போய்விட்டன. ஆறே முக்கால் போல் தாய் குட்டியை முகர்ந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தது, மற்றவை பின்னால். அப்பா வந்து பாதி வேலி அடுக்கிவிட்டார். தொட்டியை வெளியே வைக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, மிளகாய்க் கோபம். மாட்டுத் தொட்டியை இரவில் கவிழ்த்து வைக்கப் போகிறோம். நன்றி எல்லாருக்கும்.

கடல்கரைக் காகம் | 5:10
கவிழ்க்க வேண்டாம், அம்மாவோடு இன்னொரு தரம் கதைத்துப் பாருங்கோ.

கதியால் | 5:26
நட்டால் முளைக்கிற கிளுவைக் கதியால் வேண்டுமென்றால் சொல்லுங்கோ, என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. படகில் ஏற்றிவிடலாம்.