வெள்ளவத்தை வீட்டு மேல்மாடி: புதுப்பிப்பு

புதிதாக வாங்கிய வீட்டின் மேல்மாடியில் மூன்று அறைக்கும் ஒரே பாத்ரூம், அதுவும் பின்மூலையில். முன்னறையில் அம்மாவுக்குத் தனியாக ஒன்று கட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். “கழிவுக்குழாய் எங்கே இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்” என்றவருக்கு மனமார்ந்த நன்றி.

மேசன் பாஸோடு அளந்து பார்த்தோம். முன்னறையிலிருந்து குழாய் 14 அடி ஓட வேண்டும். 40 அடிக்கு 1 அடி சரிவு என்று பிடித்தாலும் 4 அங்குலத்துக்கு மேல் இறக்கம் வேண்டும். குழாயின் பருமன் இன்னொரு 4 அங்குலம். சிலாப்புக்கு மேலே விட்டால் தரையை முக்கால் அடி உயர்த்த வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படி சரிவராது. குழாய்க்கு வழிவிடப் பீமைக் கொத்த பாஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நல்ல மனிதர்.

சரி, பாத்ரூமை விட்டுவிட்டு ஆட்களை மாற்றினோம். அம்மா பின்னறைக்கு வந்துவிட்டார். அந்த அறைக்கும் பாத்ரூமுக்கும் இடைச்சுவர் பாரம் தாங்காதது என்று எஞ்சினியர் பார்த்துச் சொன்ன பிறகே அதில் கதவு வைத்தோம். பிள்ளைகளுக்கு, அதே கழிவுக்குழாயின் மறுபக்கம் இருந்த சாமான் அறை சின்ன பாத்ரூமாகிறது.

பழைய டைல்ஸைக் கழற்றியபோதுதான் பயந்தேன். தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றிச் சீமெந்து கறுத்து, நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்தது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு தடவை பூசி, துவாரத்தை அடைத்து, இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்தோம். கீழே வரவேற்பறைக் கூரையைத் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. நாளை டைல்ஸ் பதிக்க ஆள் வருகிறார்.