வீட்ல செஞ்ச லெதர் பிரேஸ்லெட் ஓரம் பிசிர் பிசிரா நிக்குது, தையலும் பிரியுது

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா லெதர் வேலை கத்துக்கறேன், சொல்லித்தர ஆள் இல்ல, வீடியோ பார்த்து நானா தான். கிழிஞ்ச பழைய ஜாக்கெட்டை வெட்டி ஒரு பிரேஸ்லெட்டும் ஒரு கார்டு ஹோல்டரும் செஞ்சேன். பிரேஸ்லெட் ஓரத்தை ஈரத்துணி வச்சு கை வலிக்கிற வரைக்கும் தேய்ச்சும் வழவழன்னு வரவே இல்ல, ரெண்டு வாரத்துல இழுபட்டு லூசாவும் ஆயிடுச்சு. கார்டு ஹோல்டர்ல ஒரே ஒரு இடத்துல நூல் அறுந்துச்சு, அங்க ஆரம்பிச்சு வரிசையா கழண்டு வந்துடுச்சு. ஒரே ஊசி, சாதா தையல் நூல் தான் போட்டேன். அம்மா பிறந்தநாளுக்கு நல்லதா ஒண்ணு செஞ்சு குடுக்கணும்னு ரொம்ப ஆசை. எங்க தப்பு பண்றேன்?

பதில் 1:
ஓரம் வராததுக்கு காரணம் உங்க கை இல்லங்க, அந்த தோல். ஜாக்கெட் தோல் பெரும்பாலும் குரோம் டேன், குரோமியம் உப்புல பதப்படுத்தினது, மெத்துன்னு இருக்கும் இழுத்தா நீளும், ஓரத்தை எவ்ளோ தேய்ச்சாலும் படியாது. வீடியோல பார்க்குற அந்த பளபள ஓரம் வெஜிடபிள் டேன்ல தான் வரும், அது மரப்பட்டை, கடுக்காய் மாதிரி தாவர சாறுல பதப்படுத்துறது. வெட்டின ஓரத்துல நடுவுல நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிஞ்சா குரோம்னு வச்சுக்கலாம். மேல பூச்சு எதுவும் போடாத வெஜ் டேன்ல ஒரு சொட்டு தண்ணி விட்டா உடனே உறிஞ்சி அந்த இடம் கருத்துடும். பிரேஸ்லெட்டுக்கு 2 மி.மீ. கனம் வாங்குங்க, கார்டு ஹோல்டருக்கு 1 போதும், பெல்ட்னா 3.5 கிட்ட வேணும். வயித்துப் பகுதி தோல் மட்டும் வேண்டாம், அதுவும் இழுபடும். ஜாக்கெட் மிச்சத்தை தூக்கிப் போட்றாதீங்க, குஞ்சம் வச்ச கீ செயின், பின்னல் கயிறு எல்லாத்துக்கும் அது தான் அருமையா இருக்கும்.

பதில் 2:
தையலுக்கு நான் சொல்றேன். சேடில் ஸ்டிச் கத்துக்கோங்க, ஒரே நூல், ரெண்டு முனைலயும் ஒவ்வொரு ஊசி, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிர் பக்கமா போகணும். ஒரு பக்கம் அறுந்தாலும் இன்னொரு பக்க நூல் பிடிச்சுக்கும், அதான் கை தையல் மெஷின் தையலை விட உழைக்குது. நூல் தையல் நீளத்தை போல 4 மடங்கு எடுங்க, 10 செ.மீ. தையலுக்கு 40 போக ஊசி கோர்க்க கொஞ்சம் கூடுதலா. மெழுகு தடவின பாலியஸ்டர் நூல் நல்லது. ஊசி மொட்டை முனையா இருக்கணும், ஏன்னா ஓட்டையை முன்னாடியே குத்திடுவோம், கூர் ஊசி போட்டா உள்ள இருக்குற நூலையே குத்திடும். ஓரத்துல இருந்து 3 மி.மீ. தள்ளி கோடு போட்டு ஒரே இடைவெளில குத்துங்க, கடைசில ரெண்டு மூணு தையல் பின்னாடி திரும்பி வந்து முடிங்க. முதல்ல எனக்கும் கோணலா தான் வந்துச்சு, எந்த ஊசி முதல்ல போகுதோ கடைசி வரை அதையே முதல்ல விட ஆரம்பிச்சதும் நேராயிடுச்சு.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், நடுவுல அதே நீல சாம்பல் தான்! வெஜ் டேன் சின்ன துண்டு வாங்கறேன். கலர் எப்ப போடணும், ஓரம் தேய்ச்ச அப்புறமா?

பதில் 1:
முன்னாடியே போட்டுடுங்க, தேய்ச்சு மெழுகு ஏறின ஓரத்துல சாயம் சரியா பிடிக்காது. சாயம் நல்லா காஞ்சதும் 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 800, லேசா ஈரம் பண்ணி ஜீன்ஸ் துணியால வேகமா தேய்ங்க. சொட்டச் சொட்ட நனைக்காதீங்க, ஓரம் ஊறி அகண்டுடும். சூடு ஏறி பளபளன்னு வந்ததும் தேன்மெழுகு தடவி இன்னொரு தடவை. அம்மா பிரேஸ்லெட்டை வெட்றதுக்கு முன்னாடி காகிதத்துல வெட்டி அவங்க கையில ஒரு தடவை சுத்திப் பார்த்துடுங்க, பட்டன் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துக்கு 2 செ.மீ. சேர்த்துக்கோங்க.