ஸ்டேட்டஸ் போட்டா சாவு சேதி சொன்னதா ஆயிடுமா?

அம்மாபேட்டைக்காரன்:
போன செவ்வாய் விடியக்காலம் எங்க பெரியம்மா தவறிட்டாங்க. அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சார், "மாலை 4 மணிக்கு எடுப்பு"ன்னு. அப்புறம் யாரோ 3லேருந்து 4.30 வரை ராகு காலம்னு சொல்ல, 2.30க்கு மாத்தி இன்னொரு ஸ்டேட்டஸ். ஏற்காடு பக்கம் நாகலூர்ல இருக்கற எங்க மாமா பார்த்தது முதல்ல வச்சதைத்தான். பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கிட்டு ஏற்காட்டுலேருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி 3 மணிக்கு வந்தா, வீட்டைக் கழுவி விட்டிருக்காங்க. கூடப்பொறந்த தம்பிக்கு ஒரு போன் கிடையாதா?

சூரமங்கலம் மருமக:
சாவு வீட்டுல நின்னு பாருங்க, தெரியும். எங்க மாமனார் போனப்ப ஆஸ்பத்திரி கணக்கு, ப்ரீசர் பாக்ஸ், வண்டி, மயானத்துல நேரம் வாங்கறதுன்னு என் வீட்டுக்காரருக்கு அழவே நேரமில்ல. இதுல 200 பேருக்கு எங்க போன் பண்றது? நல்லதுக்குச் சொன்னாத்தான் போகணும், கெட்டதுக்குக் காதுல விழுந்தாலே கிளம்பணும்.

அம்மாபேட்டைக்காரன்:
காதுல விழுந்துதான் கிளம்பினார். ஆனா விழுந்தது தப்பான நேரமாச்சே!

சங்ககிரி பெரியவர்:
முன்னெல்லாம் திசைக்கு ஒரு ஆள் விடுவோம். வெளியூர்னா தந்தி. அதையும் 2013 ஜூலையோட நிறுத்திட்டாங்க. ஆள் விட்ட காலத்துல இந்தக் குழப்பம் வந்ததில்ல.

ஓமலூர் பையன்:
ஐயா, அந்த 'ஆள்' எந்தத் தெருவுலேருந்து வந்தார்னும் சேர்த்துச் சொல்லுங்க. எங்க தாத்தா எழவு சொல்லப் போனவர்தான். வெயில்ல நடந்துபோய்ச் சொன்னவரைத் திண்ணையில உக்கார விட்டதில்ல. அது திரும்பி வரவே வேணாம்.

சங்ககிரி பெரியவர்:
அது பாவந்தான் தம்பி, ஒத்துக்கறேன். நான் சொல்ல வந்தது வேற. போனவர் திரும்பி வந்து "சொல்லிட்டேன், கிளம்பிட்டாங்க"ம்பார். ஸ்டேட்டஸ் அப்படித் திரும்பி வந்து சொல்லுமா?

சூரமங்கலம் மருமக:
யார் பார்த்தாங்கன்னு காட்டுமே.

ஓமலூர் பையன்:
சாவு வீட்டுல யாரு அக்கா அதை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க? நேரத்தை மாத்தினா மட்டும் பழைய ஸ்டேட்டஸை அழிச்சுட்டு, பங்காளி, சம்பந்தி, பொறந்த வீடு, இந்தப் பத்து வீட்டுக்காவது போன் போடணும். அதுவும் துக்கத்துல இருக்கறவங்க இல்ல, கூட நிக்கற ஒருத்தர். மலைமேல சில இடத்துல டவரே எடுக்காது. அங்க பக்கத்துக் கடைக்காரருக்காவது சொல்லிவிடணும்.

சூரமங்கலம் மருமக:
இது சரி. ஆனா அம்மாபேட்டை அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. கோடி யார் போட்டது?

அம்மாபேட்டைக்காரன்:
எங்கம்மாவும் பொறந்த வீடுதானேன்னு, அவசரத்துக்கு அவங்க பேர்ல ஒரு சேலை வாங்கிப் போட்டோம்.

சூரமங்கலம் மருமக:
அப்போ அன்னைக்கு நீங்களும் அங்கதான் இருந்திருக்கீங்க. உங்க போன்ல மாமா நம்பர் இல்லையா?

அம்மாபேட்டைக்காரன்:
இருந்துச்சு. அண்ணன் சொல்லியிருப்பார்னு விட்டுட்டேன். பந்தல்காரருக்கு மூணு தடவை பண்ணேன்.

சங்ககிரி பெரியவர்:
காரியத்துக்காவது நேர்ல போய்ச் சொல்லுப்பா.

அம்மாபேட்டைக்காரன்:
நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு அண்ணனும் நானும் போறோம். அந்தக் கோடியை மாமா இன்னும் பிரிக்கலையாம்.