ஆர்பிட்டுக்குச் சுற்றுப்பாதை வேண்டாம், ‘அடைகணம்’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

நுண்புல இயற்கணிதத்தைக் (அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா) கணினியில் செய்து பார்த்துக் கற்பதற்கான பயிற்சித்தாள்களின் சொற்பட்டியலைப் படித்தேன். குலம் (குரூப்), உட்குலம் (சப்குரூப்), பிறப்பாக்கி (ஜெனரேட்டர்), வளையம் (ரிங்) எல்லாம் சரி, அவற்றில் கை வைக்க வேண்டாம். ஒரு சொல்லை மட்டும் அச்சுக்குப் போகும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

> ஆர்பிட் – சுற்றுப்பாதை. வானியலில் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

வானியலில் அது பொருத்தமான சொல்தான். கோள் சுற்றுகிறது, பாதை இருக்கிறது. குலம் என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும், செய்ததை மீட்கவும் முடிந்த மாற்றங்களின் தொகுப்பு. அது ஒரு கணத்தின் (செட்) மேல் செயல்படும்போது நாம் ஆர்பிட் என்று சொல்வதில் சுற்றுதலும் இல்லை, பாதையும் இல்லை. ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறோம். குலத்தின் உறுப்புகள் அதை எந்தெந்த இடங்களுக்குக் கொண்டுபோக முடியுமோ, அந்த இடங்களின் தொகுப்பே ஆர்பிட். அது ஒரு கணம், எனவே அதில் முன் பின் கிடையாது.

கையால் கணக்குப் போடும் மாணவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கணினியில் செய்பவருக்கு முதல் பயிற்சியிலேயே தட்டும். சதுரத்தின் மூலைகளுக்கு 1, 2, 3, 4 என்று சுற்றிவர எண் கொடுங்கள். கால் திருப்பம் அ = (1 2 3 4), அதாவது 1 2-க்கும், 2 3-க்கும், 3 4-க்கும், 4 1-க்கும் போகும். ஒரு பிரதிபலிப்பு ஆ = (1 4)(2 3), அதாவது 1-உம் 4-உம், 2-உம் 3-உம் இடம் மாறிக்கொள்ளும். இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சேர்த்துச் செய்தால் 8 உறுப்புகள் கொண்ட குலம் பிறக்கும்; இவையே அதன் பிறப்பாக்கிகள். இப்போது 1 எங்கெல்லாம் போகும் என்று நிரலைக் கேட்போம்.

நிரல் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். அதில் முதலில் 1 மட்டும். 1-இன் மேல் அ-வைச் செலுத்தினால் 2 வரும், புதிது, சேர்த்துக்கொள்ளும். ஆ-வைச் செலுத்தினால் 4; அதையும் சேர்க்கும். அடுத்து 2-ஐ எடுக்கும். அ செலுத்தினால் 3, புதிது. ஆ செலுத்தினாலும் 3, அது ஏற்கெனவே இருக்கிறது. பிறகு 4, பிறகு 3. அவை இரண்டிலிருந்தும் புதிதாக எதுவும் கிடைக்காது. நிரல் நின்று [1, 2, 4, 3] என்ற பட்டியலைத் தரும்.

இந்தப் பட்டியலுக்கு மேலே ‘சுற்றுப்பாதை’ என்று தலைப்பு இருந்தால் மாணவர் என்ன படிப்பார்? 1-லிருந்து 2, 2-லிருந்து 4, 4-லிருந்து 3 என்று ஒரு வழியாகத்தான் படிப்பார். எந்தப் பிறப்பாக்கி 2-ஐ 4-க்குக் கொண்டுபோனது என்று தேடுவார். அப்படி எதுவும் இல்லை; 4 வந்தது 1-லிருந்து. நல்ல மாணவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார், அவரைத்தான் இந்தச் சொல் திசைதிருப்பிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குலங்களைக் கணக்கிட உதவும் கேப் (GAP) மென்பொருளில் ‘சைக்கிள்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, ‘ஆர்பிட்’ என்று இன்னொன்று இருக்கிறது. முதலாவது ஒரே ஒரு வரிசைமாற்றத்தை (அ, ஆ போலப் புள்ளிகளை இடம் மாற்றுவது) வாங்கிக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் புள்ளி எப்படிச் சுழன்று புறப்பட்ட இடத்துக்கே வருகிறது என்று காட்டும். இரண்டாவது முழுக் குலத்தையும் வாங்கிக்கொள்ளும். உண்மையில் சுற்றுவது முதலாவதுதான். ‘சுற்று’, ‘சுழல்’ போன்ற சொற்களை அதற்கே விட்டுவிட வேண்டும். சதுரத்தின் மையப்புள்ளியை எடுத்துக்கொண்டால் அது அசைவதே இல்லை, அதன் ஆர்பிட்டில் அது மட்டும்தான். அசையாமல் நிற்பதற்கு எந்தச் சுற்றுப்பாதை?

> ‘சுற்றம்’ என்று வைக்கலாம். குலம், சுற்றம் என்று இரண்டும் இணைந்து வரும்.

மாற்றாக வந்த இந்த யோசனை மிக அழகானது, படித்ததும் மனம் அதில்தான் நின்றது. கணிதமும் துணைக்கு வருகிறது. ஒரே ஆர்பிட்டில் இருத்தல் என்பது ஒரு சமான உறவு. ஒவ்வொரு புள்ளியும் தனக்குத்தானே உறவு. ஒரு புள்ளி இன்னொன்றுக்கு உறவென்றால் அந்த இன்னொன்றும் இதற்கு உறவு. உறவுக்கு உறவும் உறவே. சுற்றம் என்ற சொல்லில் இது முழுக்க இருக்கிறது. ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. குலமும் சுற்றமும் அடுத்தடுத்து வந்தால் சுற்றத்தார் எல்லாரும் குலத்தார் என்றே தமிழ்க் காது கேட்கும். ஆர்பிட்டின் உறுப்புகளோ குலத்தின் உறுப்புகளே அல்ல. குலம் எந்தக் கணத்தின் மேல் செயல்படுகிறதோ அதன் உறுப்புகள். பாடம் தொடங்கும்போது மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடமும் இதுதான். குலத்தில் இருப்பது எது, புள்ளிக்கணத்தில் இருப்பது எது என்று பிரித்தறிய அவர்களுக்கு நாள் பிடிக்கிறது. அழகுக்காக அந்தக் குழப்பத்தைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: அடைகணம்.

வினைத்தொகையாகவே இதைப் படிக்க வேண்டும், ஆடுகளம் போல. அடைந்த கணம், அடைகின்ற கணம், அடையும் கணம் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். நிரல் ஓடுவதைக் கவனித்தால் மூன்றுமே அங்கே இருக்கின்றன: பட்டியலில் ஏறிவிட்ட புள்ளிகள், இப்போது கையில் இருக்கும் புள்ளி, இனிமேல் கிடைக்கப்போகும் புள்ளிகள். வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘அடைக்கணம்’ என்று எழுதிவிட்டால் பொருளே மாறிவிடும், பயிற்சித்தாளைத் தட்டெழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆர்பிட்டோடு ஸ்டெபிலைசரும் வரும். அதற்குப் பட்டியலில் ‘நிலைநிறுத்தி’ என்று இருக்கிறது, மின்சாரக் கருவியின் பெயர்போல ஒலிக்கிறது. அது ஒரு புள்ளியை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் குல உறுப்புகளின் தொகுப்பு. அந்தத் தொகுப்பு ஓர் உட்குலம். எனவே நிலைகாப்பு உட்குலம் என்கிறேன். ஒரு பெயர் ‘கணம்’ என்று முடிகிறது, மற்றது ‘உட்குலம்’ என்று முடிகிறது. எது எங்கே இருக்கிறது என்பதை ஈற்றுச் சொல்லே சொல்லிவிடும்.

அன்புடன்.

⁂

ஐயா, வணக்கம்.

சுற்றுப்பாதையைக் கைவிடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. இரண்டு ஐயங்கள்.

‘அடை’ என்றதும் அடைமொழி, அடைமழை என்றுதான் எனக்கு நினைவு ஓடுகிறது. ‘எட்டுகணம்’ என்றால் இன்னும் நேராகப் புரியாதா? கைக்கு எட்டுவது, எட்டாதது என்று எல்லாரும் பேசுகிறோம்.

அடுத்து, சதுரம் சின்னக் கணக்கு, அதை மனத்திலேயே போட்டுவிடலாம். பெரிய குலத்திலும் இந்தச் சொற்கள் தாங்குமா? ஒரு பயிற்சியை முழுதாக எழுதிக் காட்டினால் நன்றாக இருக்கும்.

⁂

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு நன்றி.

‘எட்டுகணம்’ பொருளில் நேரானதுதான். ஆனால் எண்களோடே புழங்கும் பாடம் இது. ‘4 உறுப்புகள் கொண்ட எட்டுகணம்’ என்று எழுதிப் பாருங்கள், எட்டா நான்கா என்று வாசிப்பவர் தடுமாறுவார். அடைமொழியிலும் அடைமழையிலும் ‘அடை’யின் பொருள் வேறு; சொல்லை அறிமுகம் செய்யும் இடத்தில் ‘அடையும் கணம், எனவே அடைகணம்’ என்று ஒரு வரி கொடுத்துவிட்டால் போதும்.

பெரிய குலத்துக்கு ரூபிக் கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம், கேப் கற்பிப்போர் வழக்கமாக எடுக்கும் எடுத்துக்காட்டுதான். ஆறு முகங்கள், முகத்துக்கு ஒன்பது சதுரங்கள், மொத்தம் 54. முகத்தின் நடுச்சதுரம் இடம் மாறாது என்பதால் அவற்றை விட்டுவிட்டால் 48. இந்த 48-க்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு முகத்தின் கால் திருப்பத்தையும் ஒரு வரிசைமாற்றமாக எழுதினால் ஆறு பிறப்பாக்கிகள். குலத்தில் எத்தனை உறுப்புகள் என்று கேட்டால் மென்பொருள் உடனே 43,252,003,274,489,856,000 என்று சொல்லும்.

பயிற்சி இங்கே நின்றுவிடக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்து வியப்பதில் இயற்கணிதம் எதுவும் இல்லை. அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது: 48 சதுரங்களும் ஒரே அடைகணமா? விடையைக் கணினியிடம் கேட்கும் முன் மாணவர் ஊகித்து எழுத வேண்டும். கேட்டால் இரண்டு அடைகணங்கள் வரும், ஒவ்வொன்றிலும் 24. ஏன் இரண்டு? பட்டியலில் உள்ள எண்களைக் கனசதுரத்தின் மேல் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் எல்லாம் மூலைச் சதுரங்கள், மற்றதில் எல்லாம் விளிம்புச் சதுரங்கள். எப்படித் திருகினாலும் மூலை மூலைக்குத்தான் போகும்; விளிம்பை அது அடையவே முடியாது. இதை மாணவர் தம் வாயால் சொல்லும்போது ‘அடை’ என்ற வினை தானாக வந்துவிடும். சொல்லைப் பற்றி எனக்கு நம்பிக்கை வந்தது இந்தக் கணக்கில்தான்.

பிறகு, ஒரு மூலைச் சதுரத்தின் நிலைகாப்பு உட்குலத்தைக் கேட்கலாம். அதில் 1,802,166,803,103,744,000 உறுப்புகள். இதை 24-ஆல் பெருக்கினால் குலத்தின் உறுப்பெண்ணிக்கை அப்படியே வந்து நிற்கும். அடைகணத்தின் அளவும் நிலைகாப்பு உட்குலத்தின் அளவும் பெருகினால் குலத்தின் அளவு என்ற தேற்றத்தை மாணவர் கண்ணால் பார்த்துவிட்டு நிறுவலுக்குப் போகிறார். சதுரத்திலும் அப்படித்தான்: மூலைக்கு 4 × 2, மூலைவிட்டத்துக்கு 2 × 4, மையத்துக்கு 1 × 8. சிறிய கணக்கைக் கையாலும் பெரியதைக் கணினியாலும் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கணினி மட்டும் போதும் என்று விட்டால் தேற்றம் வெறும் எண் பொருத்தமாகிவிடும்.

இவ்வளவு பெரிய குலத்தின் உறுப்புகளைக் கணினி ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு புள்ளியின் அடைகணத்தை எண்ணும், அதன் நிலைகாப்பு உட்குலத்துக்குள் இறங்கும், அங்கே இன்னொரு புள்ளியின் அடைகணத்தை எண்ணும். இப்படி ஒற்றை உறுப்புள்ள உட்குலம் வரை இறங்கி, அளவுகளைப் பெருக்கிவிடும். கணிதவியலாளர் சார்லஸ் சிம்ஸ் வகுத்த வழி இது. ஆகவே இந்த இரண்டு சொற்களும் மென்பொருளின் உள்ளே நடப்பதையும் விளக்கப் பயன்படும்.

சொல் குறுகியதாக இருக்க வேண்டும் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கேப்பின் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் சேஜ் (SageMath) என்ற கணித மென்பொருள் பைத்தான் நிரல்மொழி மேல் ஓடுவது, குலங்களுக்கு உள்ளே கேப்பையே பயன்படுத்துவது. பைத்தான் 3 தமிழ் எழுத்தில் செயற்கூற்றுப் (ஃபங்க்ஷன்) பெயர் வைக்க விடுகிறது. மேலே சொன்ன பட்டியல் நிரலை மாணவரே எழுதி அதற்கு அடைகணம் என்று பெயர் வைக்கலாம். ‘சென்றடையும் புள்ளிகளின் கணம்’ என்றெல்லாம் இருந்தால் இடையில் இடைவெளி வருவதால் அது முடியாது. நிலைகாப்பு உட்குலத்தைப் புணர்த்தி ‘நிலைகாப்புட்குலம்’ என்று எழுதினால் அதுவும் ஒரே பெயராகிவிடும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே அடைகணமாக இருக்கும்படி குலம் செயல்பட்டால் அந்தச் செயலுக்கு (ஆங்கிலத்தில் ‘டிரான்சிட்டிவ்’) என்ன பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை. அதே ஆங்கிலச் சொல்லுக்கு, உறவுகளைப் பற்றிப் பேசும்போது சொல்லும் ‘கடப்பு’ இங்கே ஒட்டாது. ‘ஓரடைவுச் செயல்’ என்று ஒன்று தோன்றியது, எனக்கே முழு நிறைவு இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.